இன்ஜினைக் கையால் சுற்றும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைமிங் பெல்ட் மாற்றுவதானாலும், டாப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணுவதானாலும், நின்றுபோன இன்ஜினைச் சோதிப்பதானாலும் ஒரு கட்டத்தில் கிராங்க்கை, அதாவது பிஸ்டன்களோடு இணைந்த முதன்மைத் தண்டை, கையால் சுற்றித்தான் ஆகவேண்டும். வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம்; இந்த இரண்டையும் பிணைத்து ஒரே தாளத்தில் வைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் விரல் நசுங்கியதும் வால்வு வளைந்ததும் பெரும்பாலும் இந்தச் சின்ன வேலையில்தான். கற்றுக்கொள்ள வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செல்ஃப் மோட்டார் இருக்கும்போது கையால் ஏன் சுற்ற வேண்டும்?

செல்ஃப் மோட்டாருக்குக் கண்ணும் இல்லை, தொடு உணர்ச்சியும் இல்லை. அது இன்ஜினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று வேகத்தில் இழுக்கும். அதாவது நொடிக்கு மூன்று சுற்றுக்கும் மேல். டைமிங் ஒரு பல் தவறியிருந்து வால்வு பிஸ்டனில் மோதுவதாக இருந்தால், நீங்கள் சாவியிலிருந்து கையை எடுப்பதற்குள் பலமுறை மோதி முடிந்திருக்கும்.

கையால் சுற்றும்போது அந்த மோதல் ஒரு மெல்லிய தட்டலாகக் கைக்கு வந்து சேரும். அங்கேயே நிறுத்திவிடலாம். எதுவும் உடைந்திருக்காது. புல்லியிலும் பல்சக்கரங்களிலும் இருக்கும் டைமிங் மார்க்கை மில்லிமீட்டர் கணக்கில் நேர்வைக்கவும், ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறப்புக்கு நேரே கொண்டுவரவும் கையால்தான் முடியும். பிரித்துப் பூட்டிய எந்த இன்ஜினையும் செல்ஃப் தொடுவதற்கு முன்னால் கை தொட்டிருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத பழக்கம்.

தொடங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?

இன்ஜின் தானாக அசையக் கூடாது, வண்டியும் அசையக் கூடாது. எல்லா ஏற்பாடும் இந்த இரண்டுக்காகத்தான்.

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருந்தாலும் இன்ஜின் சுற்றும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்கியிருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த வழியாகக் கிராங்க்கின் நுனியிலுள்ள புல்லியை எட்டுவதுதான் பல கார்களில் வழக்கம். அப்போது போல்ட்டைத் திருப்பும் நீளமான இரும்புப் பாரில் நீங்கள் கொடுக்கும் இழுப்பு வண்டியின் உடம்பையும் சேர்த்தே தள்ளும். ஸ்டாண்டு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம்.

சாவியை எடுத்துவிட்டேன். பேட்டரியையும் கழற்றித்தான் ஆகவேண்டுமா?

ஆம். பல கார்களில் சாவி இல்லாவிட்டாலும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். இன்ஜின் சூடாக இருந்தால் நிறுத்திச் சில நிமிடம் கழித்துக்கூட ஃபேன் தானாகக் கிளம்பும். அதன் இறக்கைக்கும் உங்கள் கைக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இருக்காது. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் சாவி உங்கள் பையிலேயே இருக்கும். வண்டி அதை உணர்ந்துகொள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பிரேக்கை மிதித்துப் பட்டனைத் தொட்டால் போதும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி உள்ள வண்டிகளுக்கும், ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கும் இதே கவலைதான்.

நெகட்டிவை முதலில் கழற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் எங்காவது உடம்பில் உரசினால் பொறி பறக்கும். கழற்றிய நெகட்டிவ் கேபிளை ஒரு துணியில் சுற்றி, மறுபடி முனையில் போய் ஒட்டாதபடி ஒதுக்கி வையுங்கள்.

கையால் சுற்றும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடுமா?

பேட்டரி கழற்றிய பெட்ரோல் காரில் ஆகாது. பொறி இல்லை, இன்ஜெக்டர் திறக்காது. பேட்டரி இணைப்போடு சாவி ஆன் நிலையில் இருந்தால் கதை வேறு. சிலிண்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் ஆவி ஒரே ஒரு பொறியில் எரிந்தாலும் உங்கள் கையிலிருக்கும் பாரைப் பிடுங்கி எறியும்.

இந்த அபாயத்தைப் பழைய தலைமுறை ஓட்டுநர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் அன்று காரைக் கிளப்பினார்கள். இக்னிஷன் நேரம் முந்தி இருந்தால் ஹேண்டில் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலால் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, மேல்நோக்கி இழுக்கச் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக்கின் 1912 மாடலில் வந்த பிறகுதான் ஹேண்டில் மெல்ல மெல்ல மறைந்தது. அந்தப் பிடியை மட்டும் மறக்காதீர்கள். பாரைப் பிடிக்கும்போது இன்றைக்கும் அது கையைக் காப்பாற்றும்.

டீசலுக்குப் பொறியே தேவையில்லை என்பதால் பலர் பயப்படுகிறார்கள். கையால் மெதுவாகச் சுற்றும் வேகத்தில் காற்று பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகாது. இருந்தாலும் மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசல் இன்ஜினில் எரிபொருள் நிறுத்தும் லீவரை நிறுத்து நிலையில் வைத்துவிட்டே தொடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற வேண்டுமா?

கழற்றினால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிளக்குகள் உள்ளே இருக்கும்போது நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஏதாவது ஒரு சிலிண்டர் கம்ப்ரஷனுக்கு, அதாவது காற்றை அழுத்தும் கட்டத்துக்கு வரும். பார் கனத்துக்கொண்டே போகும். உச்சியைத் தாண்டியதும் அடைபட்ட காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும்; கிராங்க் தானாக முன்னால் துள்ளும். உச்சிக்குச் சற்று முன்னால் கையை விட்டால் பின்னால் துள்ளும். மார்க்கில் துல்லியமாக நிறுத்தவே முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் கனம் மற்ற எல்லா உணர்ச்சியையும் மறைத்துவிடும். வால்வு மோதுகிறதா, கம்ப்ரஷன்தானா என்று கைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கழற்றும் முன் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், குழியில் தேங்கிய மணல் நேராக முகத்துக்குத்தான் வரும். கழற்றிய பிறகு, உள்ளே விழ முடியாத அளவுக்குப் பெரிய சுத்தமான துணியைத் துளைகளின் மேல் போட்டுவையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

டீசலில் கதை சற்று மாறுகிறது. குளிரில் கிளப்பச் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகள் பல வருடம் இறுகி உட்கார்ந்திருக்கும். வலுக்கட்டாயமாகக் கழற்றினால் ஹெட்டுக்குள்ளேயே முறியலாம். கையால் சுற்றுவதற்காக மட்டும் அவற்றைக் கழற்ற நான் சொல்லமாட்டேன். பதிலாகப் பொறுமையாகச் சுற்றுங்கள். பார் கனத்ததும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நொடி காத்திருங்கள். பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று கசிவது காதில் விழும். கனம் மெல்லக் கரையும், பார் தானாக நகரும். மறுபடி அடுத்த அரைச் சுற்று. நேரம் பிடிக்கும், ஆனால் பாதுகாப்பானது.

எங்கே பிடித்துச் சுற்றுவது? என்ன கருவி?

கிராங்க் புல்லியின் நடு போல்ட். அதற்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமுக சாக்கெட், அரை மீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பார். கார்களில் 17, 19, 21, 22 மி.மீ. அளவுகள் அதிகம் வரும். பன்னிரண்டு முக சாக்கெட் தேய்ந்த போல்ட் தலையில் நழுவும். நழுவினால் விரல் மூட்டு நேராகச் சேசிஸில் போய் மோதும்.

ராட்செட்டைவிடப் பிரேக்கர் பார் நல்லது என்பது என் அபிப்பிராயம். ராட்செட் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். இன்ஜின் பின்னால் துள்ளினால் அதோடு சேர்ந்து ராட்செட்டின் கைப்பிடியும் துள்ளும். முன்னால் துள்ளினால் பிடியே இல்லாமல் போகும். பார் இரண்டு பக்கமும் பிடிக்கும். கிராங்க் எங்கே இருக்கிறது என்பதை அது உங்கள் உள்ளங்கையிலேயே வைத்திருக்கும்.

பைப்பு செருகி நீட்டாதீர்கள். அரை மீட்டர் பாரின் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் போல்ட்டில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். பிளக் கழற்றிய நல்ல இன்ஜினைச் சுற்ற அதில் ஒரு பங்கே போதும். அதற்கும் மேல் கேட்கிறது என்றால் இன்ஜின் உங்களிடம் ஏதோ சொல்கிறது. பைப்பு செருகினால் அந்தச் சொல்லைக் கேட்காமல் வாயடைக்கிறீர்கள்.

கேம் போல்ட்டில் சாக்கெட் போட்டுச் சுற்றலாமா? ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கேமைச் சுற்றிக் கிராங்க்கை இழுத்தால், பெல்ட் வேலை செய்யவேண்டிய திசைக்கு மாறாக மொத்தப் பாரத்தையும் தாங்கும். பல் தாண்டும். இல்லையென்றால் கேம் போல்ட் முறியும். கேம் தண்டிலேயே ஸ்பேனர் பிடிக்க அறுகோண இடம் இருக்கும் இன்ஜின்களில் அது கேமைப் பிடித்து நிறுத்துவதற்காகத்தான். இன்ஜினைச் சுற்றுவதற்கு அல்ல.

பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் விரல் பெல்ட்டோடு சேர்ந்து புல்லிக்குள் போகும். போவதற்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் வராது. ஃபேன் இறக்கையைப் பிடித்துச் சுற்றுவதும் அப்படித்தான். பிளாஸ்டிக் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பின்னொரு நாள் அது வேகத்தில் பறக்கும்.

கியர்பாக்ஸ் பக்கம் திறப்பு இருந்தால், கிராங்க்கின் மறுமுனையில் இருக்கும் ஃப்ளைவீலின் பல்லில் அதற்கென்றே செய்த கருவியை மாட்டித் திருப்பலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பல் ஒன்று உடைந்தாலும் செல்ஃப் அந்த இடத்தில் கரகரக்கும்.

எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

இன்ஜின் ஓடும்போது எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம். புல்லிக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் பெரும்பாலான கார்களில் கடிகார முள் போகும் திசை. விதிவிலக்கும் உண்டு. பழைய ஹோண்டா கார்களின் பல இன்ஜின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், பாருங்கள்.

கையேடு கையில் இல்லையா? இரண்டு வழி சொல்கிறேன். மேனுவல் கியர் வண்டி, டைமிங்கை இன்னும் பிரிக்கவில்லை என்றால், நான்காவது கியரில் போட்டு வண்டியைச் சற்றே முன்னால் தள்ளச் சொல்லி, எட்ட நின்று புல்லியைப் பாருங்கள். அது நகரும் பக்கம்தான் சரியான பக்கம். இரண்டாவது, வால்வு மூடி திறந்திருந்தால் ஒரே சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியேற்றுவது) மூடிக்கொண்டிருக்கும்போதே இன்டேக் (காற்றை உள்ளே விடுவது) திறக்கத் தொடங்கினால் திசை சரி. இன்டேக் மூடும்போது எக்ஸாஸ்ட் திறந்தால் நீங்கள் ரிவர்ஸில் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

மார்க்கைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன். பின்னால் திருப்பலாமா?

திருப்பாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கிச் சுற்றி அதே மார்க்குக்கு வாருங்கள். அரை நிமிட வேலை.

ரிவர்ஸில் திருப்பும்போது பெல்ட்டின் இறுகிய பக்கம் தளரும். தளர்ந்த பக்கம் இறுகி, பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரைத் தள்ளும். பழைய பெல்ட்டும் சோர்ந்த டென்ஷனரும் சேர்ந்தால் ஒரு பல் தாண்டப் போதும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் செயின் டென்ஷனர் இன்ஜின் நின்றிருக்கும்போது இன்னும் பலவீனமாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரிவர்ஸ் திசைதான் பொதுவாகக் கிராங்க் போல்ட்டைக் கழற்றும் திசை. சில இன்ஜின்களில், குறிப்பாக ஃபோர்டு கார்கள் சிலவற்றில், கிராங்க் பல்சக்கரத்தைத் தண்டில் நழுவாமல் பிடித்து வைக்கும் சாவித்துண்டு என்ற சின்ன இரும்புத் துண்டு கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கிறது. அந்தப் போல்ட் அசைந்தால் டைமிங் மொத்தமும் போய்விடும். எதிர்த்திசையில் சுற்றும் இன்ஜினில் இந்தக் கணக்கு தலைகீழ். சரியான பக்கம் சுற்றும்போதே போல்ட் லூசாகும் பக்கம் போகிறீர்கள் என்பதால், போல்ட் தனியாக நகர்கிறதா, புல்லியும் சேர்ந்து நகர்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

தெரியாமல் ஒரு விரற்கடை பின்னால் போய்விட்டது என்றால் பதற வேண்டாம். முன்னோக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றி எல்லா மார்க்கும் நேர்வருகிறதா என்று பாருங்கள்.

பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் போலிருக்கிறது. அழுத்தலாமா?

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நேரம் என்றால் இதைக் கேளுங்கள். அழுத்தாதீர்கள்.

நிற்பதில் இரண்டு வகை. கம்ப்ரஷனால் நிற்பது ஒன்று. அது ரப்பர் பந்தை அழுத்துவது போலிருக்கும். போகப் போகக் கனக்கும், கையைத் தளர்த்தினால் திருப்பித் தள்ளும், காத்திருந்தால் கரையும். கேம் வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும்போதும் இதே மாதிரி ஒரு மென்மையான கனம் வரும். கேமின் மூக்கு உச்சியைக் கடந்ததும் ஸ்பிரிங் அதைத் தள்ளிவிட, பார் ஒரு நொடி இலகுவாகிவிடும். நல்ல இன்ஜினைச் சுற்றும்போது கை உணர்வது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

இரண்டாவது வகை இரும்பில் இரும்பு முட்டுவது. அதுவரை இலகுவாக வந்த பார் திடீரென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிற்கும். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரலாம். காத்திருந்தாலும் கரையாது. சுற்றித் திரும்ப வந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். அந்த இடத்தில் வால்வின் தலை பிஸ்டனைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத வால்வுத் தண்டு அது. கையால் கொடுக்கும் அழுத்தமே அதை வளைக்கப் போதும்.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு இன்ஜினில் கேமைப் பிடிக்கும் பூட்டுப்பின்னை எடுக்க மறந்துவிட்டு, கம்ப்ரஷன் என்று நினைத்து அழுத்தினேன். பிளக் நான்கும் தட்டில் கிடக்கின்றன. கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? அதை யோசிக்கவே இல்லை. பின் வளைந்து துளையிலேயே சிக்கிக்கொண்டது. அதை எடுக்க அன்று முழுப் பொழுதும் போனது. வால்வு தப்பித்ததற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அதன் பிறகு பார் நின்றால் என் கை தானாகவே விலகிவிடும்.

நின்றால் செய்யவேண்டியது இது. வந்த வழியே சற்றுத் தளர்த்துங்கள்; பெல்ட் மாட்டியிருக்கும்போது பின்னால் திருப்பலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பூட்டுப்பின் உள்ளே இருக்கிறதா? ஃப்ளைவீலைப் பிடிக்க வைத்த துண்டு இன்னும் பல்லில் மாட்டியிருக்கிறதா? டைமிங் மார்க் தவறியிருக்கிறதா? சிலிண்டருக்குள் ஏதாவது விழுந்ததா, திரவம் நிற்கிறதா? கியரில் இருக்கிறதா? ஏசி கம்ப்ரசரோ ஆல்டர்னேட்டரோ இறுகியிருக்கிறதா? கடைசியைச் சோதிப்பது சுலபம். வெளிப்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது கிராங்க்கையோ கேமையோ சுற்றலாமா?

இன்றைய இன்ஜின்களில் மிகப் பலவற்றில் வால்வு முழுக்கத் திறந்திருக்கும் இடமும் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமும் ஒன்றே. இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வராமல் பார்த்துக்கொள்வது பெல்ட்தான். பெல்ட் இல்லாத நேரத்தில் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

கேமைத் திருப்பியாக வேண்டும் என்றால் முதலில் கிராங்க்கை டாப் நிலையிலிருந்து (முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) கால் சுற்று, அதாவது 90 டிகிரி பின்னால் கொண்டுபோங்கள். நேர்வரிசை நான்கு சிலிண்டர் இன்ஜினில் அப்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவே நிற்கும். எந்த வால்வு எப்படித் திறந்தாலும் எட்டாது. கேமை மார்க்குக்குக் கொண்டுவந்த பிறகு கிராங்க்கை மெதுவாக டாப்புக்குத் திருப்புங்கள். பெல்ட் இல்லை என்பதால் இங்கே பின்னால் திருப்புவதில் பல் தாண்டும் பயம் கிடையாது. போல்ட் லூசாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, ஐந்து, ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் எந்த நிலையிலும் பிஸ்டன்கள் ஒரே உயரத்தில் நிற்காது. அவற்றுக்கு கையேட்டில் சொன்ன கோணத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

கேமுக்கும் ஒரு குணம் உண்டு. பெல்ட் இல்லாதபோது வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அது தானாகத் துள்ளித் திரும்பும். பல்சக்கரத்தில் விரலை வைத்துக்கொண்டு மார்க்கைப் பார்க்காதீர்கள்.

புது பெல்ட் போட்டதும் எத்தனை சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்?

குறைந்தது இரண்டு முழுச் சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். 720 டிகிரி கடந்தால்தான் எல்லா வால்வும் எல்லா பிஸ்டனும் ஒருமுறை சந்தித்துவிட்டன என்று அர்த்தம். ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதி இன்ஜினைத்தான் சோதித்திருக்கிறீர்கள். பெல்ட் உட்கார அதைவிட அதிகச் சுற்று கேட்கும் இன்ஜின்களும் இருக்கின்றன.

செயின் போட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் பூட்டும்போது மார்க்குக்கு நேரே இருக்கும். இரண்டு சுற்று சுற்றிய பின் அவை வேறெங்கோ போயிருக்கும். தவறு செய்துவிட்டோம் என்று பலர் மறுபடி பிரித்துவிடுகிறார்கள். கண்ணிகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் வேறு என்பதால் நிறக் கண்ணி மறுபடி நேர்வரப் பல சுற்று ஆகும். பல்சக்கர மார்க்குகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

முதல் சிலிண்டர் டாப்பில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புல்லி மார்க் மட்டும் போதாது. இரண்டு சுற்றில் இரண்டு முறை அது நேர்வரும். ஒன்று கம்ப்ரஷன் டாப், மற்றது எக்ஸாஸ்ட் முடியும் டாப். முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறினால் அது கம்ப்ரஷன். வால்வு மூடி திறந்திருந்தால் முதல் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் அப்போது தளர்வாக ஆடும்.

பிஸ்டனின் உயரத்தை அறியத் துளையில் ஸ்க்ரூடிரைவரை விடும் வழக்கம் இருக்கிறது. துளை சாய்வாக இருந்தால் அது ஏறிவரும் பிஸ்டனுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே சிக்கும். பிளக் நூலும் போகும், பிஸ்டனும் கீறும். நீளமான பிளாஸ்டிக் குழாய் போதும். உள்ளே முழுதாக விழாத நீளமாக இருக்கட்டும்.

போல்ட் எட்டவில்லை. சக்கரத்தைப் பிடித்து இன்ஜினைச் சுற்றலாமா?

மேனுவல் கியர் வண்டியில் சுற்றலாம். டாப் கியரில் போட்டு, இன்ஜின் இழுக்கும் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, அந்தச் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். தூக்கிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், இரண்டு சக்கரங்களுக்கும் சுற்றைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் அரைச் சுற்றுதான் நகரும். உதாரணமாக டாப் கியர் விகிதம் 0.8, இறுதி விகிதம் 4 என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 1.6 சுற்று சுற்றும். டாப்பெட் பார்க்க இது வசதி. டைமிங் மார்க் வைக்க உதவாது. அவ்வளவு நுணுக்கம் கைக்கு வராது.

தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது இங்கே இரட்டிப்பு முக்கியம். வண்டி கியரில் இருக்கிறது, ஒரு கால் காற்றில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வழி கிடையாது. இன்ஜின் ஓடாமல் கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் வராது. சக்கரத்தின் சுற்று இன்ஜினை எட்டாது.

பல மாதம் நின்ற வண்டி. நேரடியாகச் சுற்றலாமா?

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பாரில் மிதமான அழுத்தம் கொடுங்கள். அசைந்தால் சிறிது முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். துருப்பிடித்த ரிங்கை வலுவால் உருவினால் ரிங் உடையும். அசையவே இல்லை என்றால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. சில நாட்கள்கூட ஆகலாம். முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் அந்த ஆயிலை வெளியேற்ற, பிளக் இல்லாமல் கையால் சில சுற்று சுற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற இன்ஜின் சுற்றவில்லை. என்ன செய்வது?

செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வர வழியில்லாமல், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். பிளக் அத்தனையும் கழற்றி, துளைகளின் மேல் துணி போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் பீறிடும். இன்ஜெக்டர் ஒழுகிச் சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தாலும் இதே முறைதான். ஆனால் அப்போது வருவது எரிபொருள். அருகில் நெருப்போ பொறியோ இருக்கக் கூடாது. பேட்டரியை மறுபடி இணைக்கும் முன் ஆவி முழுவதும் கலைந்திருக்க வேண்டும்.

சுற்றும்போது இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டால் அதற்கு மேல் சுற்ற வேண்டாம். ராடு ஏற்கெனவே வளைந்திருக்கலாம்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது?

பார் ஒருவர் கையில். மற்றவர் சொல்லாமல் அது அசையக் கூடாது. மேலே மார்க் பார்ப்பவரின் விரல் பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருப்பதைக் கீழே படுத்திருப்பவர் பார்க்க முடியாது. ‘சுத்து’ என்றால் சுற்று, ‘நில்லு’ என்றால் நிறுத்து. வேறு பேச்சு வேண்டாம். ‘சுத்தட்டுமா?’ என்று கேட்டுப் பதில் வராவிட்டால், இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் போல்ட் கழறவே மாட்டேன் என்கிறது. பாரைச் சேசிஸில் முட்டுக்கொடுத்துச் செல்ஃப் அடித்தால் கழன்றுவிடும் என்கிறார்களே?

கழன்றும் விடும். சாக்கெட் நழுவினால் அந்தப் பார் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்னும் மோசம். புல்லியைப் பிடிக்கும் கருவி எல்லா வகைக்கும் கிடைக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள். டைமிங் பூட்டுப்பின்னை நம்பிப் போல்ட்டைக் கழற்றுவதும் தவறு. அது நிலையைக் காட்டுவதற்கான பின். பாரம் தாங்குவதற்கானது அல்ல.

ஹைபிரிட் கார் என்றால்?

‘ரெடி’ விளக்கு எரியும்போது இன்ஜின் சத்தமே இல்லாமல் நிற்கும். பேட்டரி குறைந்தால் யாரும் தொடாமலே கிளம்பும். வண்டியை முழுதாக நிறுத்துங்கள், சாவியை எட்டத் தூரத்தில் வையுங்கள், 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றுங்கள், கையேட்டில் காட்டிய உயர் மின்னழுத்தத் துண்டிப்புப் பிளக்கை எடுங்கள், அதில் சொன்ன நேரம் காத்திருங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் கை வைக்கவே வேண்டாம். உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெறாதவர்கள் இந்த இடத்தில் விலகிக்கொள்வதே சரி.

வேலை முடிந்தது. ஸ்டார்ட் செய்யலாமா?

முதலில் கிராங்க் போல்ட்டைப் பாருங்கள். சாக்கெட் அதிலேயே மாட்டியிருக்கும். பாரை எடுத்தவர் சாக்கெட்டை மறப்பது அடிக்கடி நடக்கிறது. இன்ஜின் கிளம்பினால் அது குண்டுபோல் தெறிக்கும்.

பூட்டுப்பின்கள், ஃப்ளைவீல் பிடித்த துண்டு, பிளக் துளையில் போட்ட துணி ஆகியவற்றைத் தட்டில் எண்ணிப் பாருங்கள். தொடங்கும்போது எத்தனை வைத்தீர்களோ அத்தனையும் இருக்க வேண்டும். கிராங்க் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அது ஒருமுறை மட்டும் பயன்படும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் புதியது போட்டு, கையேட்டில் உள்ள முறுக்கும் கோணமும் கொடுங்கள். பிளக் போடும் முன் கடைசியாக ஒருமுறை இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். பார் எங்கும் தட்டாமல், அதே மென்மையான ஏற்ற இறக்கத்தோடு வந்தால் பிளக்குகளைப் பூட்டலாம், நெகட்டிவை இணைக்கலாம், சாவியைப் பையிலிருந்து எடுக்கலாம்.